யூஎஸ்பி ட்ரீ வியூ: போர்ட் வேலை செய்யவில்லை என்றால் மதர்போர்டை மாற்றும் முன் இதைத் திறந்து பாருங்கள்

ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறவர்களுக்கு லேப்டாப்பில் வேறு எது கெட்டாலும் அன்றைய பொழுதை எப்படியாவது ஓட்டிவிடலாம், யூஎஸ்பி போர்ட் கெட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிரிண்டர் அதில், கைரேகைக் கருவி அதில், ஸ்கேனர் அதில், வருகிறவர்கள் நீட்டும் பென் டிரைவும் அதில்தான். ஒரு போர்ட் பென் டிரைவை எடுக்கவில்லை என்றதும் பதறிப்போய் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அங்கே ‘மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்’ என்கிறார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், சொன்ன தொகைக்கு மேல் கொஞ்சம் போட்டால் செகண்ட்ஹேண்டில் இன்னொரு லேப்டாப்பே வாங்கிவிடலாம். போர்டு போகவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்தது ஓர் இலவச மென்பொருள். இந்த விமர்சனம் அதைப் பற்றியதுதான்.

முழுப் பெயர் யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர், எல்லோரும் சொல்வது யூஎஸ்பி ட்ரீ வியூ. ஊவே சீபர் என்பவர் எழுதியது. மைக்ரோசாஃப்ட், டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்) எழுதுகிறவர்களுக்காகக் கொடுத்த யூஎஸ்பி வியூ என்ற மாதிரி நிரலை எடுத்து, அதைப் பல மடங்கு விரிவாக்கித் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஜிப் ஃபைலைப் பிரித்து இரண்டு முறை கிளிக் செய்தால் திறந்துவிடும். விளம்பரம் கிடையாது, பணம் கட்டச் சொல்லும் பெட்டி கிடையாது.

திறந்ததும் இடது பக்கம் கம்ப்யூட்டர், அதன் கீழ் ஹோஸ்ட் கன்ட்ரோலர் (மதர்போர்டில் யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் பகுதி), அதன் கீழ் ரூட் ஹப் (அதை போர்ட்டுகளாகப் பிரித்துத் தருவது), அதன் கீழ் போர்ட் 1, போர்ட் 2 என்று வரிசையாக இறங்கும். எந்த போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது, எது காலி என்று அங்கேயே தெரியும். ஒன்றைக் கிளிக் செய்தால் வலது பக்கம் அதன் முழு ஜாதகமும் கொட்டும். முதல் முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும், அதில் முக்கால்வாசி நமக்குத் தேவையே இல்லை.

இதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது நான் எதையுமே செருகாதபோதும் அங்கே இரண்டு சாதனங்கள் பச்சென்று உட்கார்ந்திருந்ததுதான். ஒன்று வெப்கேம், இன்னொன்று புளூடூத். பெரும்பாலான லேப்டாப்புகளில் இவை இரண்டும் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கின்றன, வெளியே தெரியாத போர்ட்டுகளில். வெளியே இருக்கும் போர்ட்டுகள் எந்த கன்ட்ரோலரின் கீழ் வருகின்றனவோ அதே கன்ட்ரோலரின் கீழ்தான் என் மெஷினில் இவையும் இருந்தன. கன்ட்ரோலர் செத்துப்போயிருந்தால் கேமராவும் புளூடூத்தும் எப்படி ஓடும்? இந்த ஒரு கேள்வியை சர்வீஸ் கடையில் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை, ஆனால் உங்கள் லேப்டாப்பை யாராவது ‘போர்டு போச்சு’ என்று சொன்னால் தயவுசெய்து கேளுங்கள். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் போர்ட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் எங்கோ, இல்லையென்றால் விண்டோஸில். இரண்டுமே போர்டு மாற்றுவதைவிடப் பல மடங்கு மலிவு.

சரி, செருகினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் இந்த மென்பொருள் காட்டுவது புரியும். சாதாரண யூஎஸ்பி 2.0 இணைப்பில் நான்கு கம்பிகள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டாவுக்கு. சாதனத்தைச் செருகியதும் அது டேட்டா கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுக்கும், அதைப் பார்த்துத்தான் லேப்டாப் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று தெரிந்துகொள்ளும். உடனே ஒரு ரீசெட், அப்புறம் ‘நீ யார்’ என்ற கேள்வி, அதற்கு சாதனம் அனுப்பும் பதில்தான் டிஸ்கிரிப்டர். அதில் தயாரிப்பாளர் எண், பொருளின் எண் எல்லாம் இருக்கும். அந்த எண்களை வைத்துத்தான் விண்டோஸ் எந்த டிரைவரைப் போடுவது என்று முடிவு செய்யும்.

இதில் எந்தப் படியில் நின்றுபோனது என்பதை ட்ரீ வியூ காட்டிவிடுகிறது. செருகியும் போர்ட் காலியாகவே தெரிந்தால், ‘நோ டிவைஸ் கனெக்டெட்’ என்றிருந்தால், சாதனம் வந்ததே லேப்டாப்புக்குத் தெரியவில்லை, அதாவது மின்சாரமோ டேட்டா கம்பியோ போய்ச் சேரவில்லை. டிரைவரைக் கழற்றி மாட்டுவதில் பயனே இல்லை, அது வன்பொருள் விஷயம். ‘டிவைஸ் ஃபெயில்டு எனுமரேஷன்’ என்று வந்தால் சாதனம் வந்தது தெரிகிறது, ‘நீ யார்’ என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் கோட் 43, ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று நாம் எல்லோரும் பார்த்து வெறுத்துப்போன செய்தி இதுதான், அதன் விவரத்தில் தயாரிப்பாளர் எண் 0000, பொருள் எண் 0002 என்று இருக்கும். அந்த 0000 எந்தக் கம்பெனியின் எண்ணும் இல்லை, பதில் வராததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு டிரைவர் தேடி இணையத்தில் அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அப்படி ஒரு டிரைவரே கிடையாது, அந்தப் பெயரில் கிடைப்பதெல்லாம் ஏமாற்று. சரியான எண்கள் வந்து, டிரைவர் மட்டும் இல்லையென்றால் (கோட் 28) அப்போதுதான் டிரைவர் தேட வேண்டும்.

என் லேப்டாப்பில் இரண்டு விதக் கோளாறும் ஒரே சமயத்தில் இருந்தன, அதனால்தான் பார்த்தவர்கள் எல்லோரும் போர்டு என்றார்கள் போல. வலது பக்க போர்ட்டில் எதைச் செருகினாலும் ட்ரீ வியூவில் அசைவே இல்லை, பென் டிரைவின் விளக்கும் எரியவில்லை. இடது பக்க போர்ட்டில் விளக்கு எரியும், எனுமரேஷன் ஃபெயில் ஆகும், சில நேரம் பென் டிரைவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் எடுத்துக்கொள்ளும்.

இடது பக்கத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் நடப்பது. விளக்கு எரிகிறதே, போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். யூஎஸ்பி பிளக்கை உற்றுப் பாருங்கள், ஓரத்து மின்சாரப் பட்டைகள் இரண்டும் நடு டேட்டா பட்டைகளைவிடச் சற்று நீளமாக இருக்கும். மின்சாரம் முதலில் சேர வேண்டும், டேட்டா அப்புறம் சேர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே தூசியோ தேய்மானமோ இருந்து பிளக் முழுதாக உட்காரவில்லை என்றால் மின்சாரம் வரும், விளக்கு எரியும், டேட்டா வராது. போன் டார்ச்சை அடித்து போர்ட்டுக்குள் பார்த்தேன். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கின் மேல் பேப்பர் தூள் கெட்டியாகப் படிந்து கறுத்திருந்தது, ஜெராக்ஸ் கடையில் வேறு எது படியும்? உள் முனையில் துணி நூல் ஒன்று சுருண்டு கிடந்தது, அது யாருடைய சட்டைப் பையில் இருந்து பென் டிரைவோடு வந்ததோ. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மரப் பல்குத்தியால் நூலை மெல்ல இழுத்தேன், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டேன். ஊசி, பின், ஸ்குரூடிரைவர் எதையும் உள்ளே விடாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி ஒன்று வளைந்து அடுத்ததைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அப்போது உண்மையிலேயே போர்டு போகும். உலர்ந்த பிறகு அதே பென் டிரைவைச் செருகி ட்ரீ வியூவைப் பார்த்தால் பெயர், சீரியல் எண், எல்லாம் வந்து நிற்கிறது.

வலது பக்கம் வேறு கதை. பல லேப்டாப்புகளில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருக்காது, தனியாக ஒரு சின்னப் போர்டில் இருக்கும், தட்டையான ரிப்பன் கேபிள் ஒன்று அதை மதர்போர்டோடு சேர்க்கும். ஆடியோ ஜாக்கும் பெரும்பாலும் அதே சின்னப் போர்டில்தான். என்னுடையதில் அந்தப் பக்க ஹெட்போன் ஜாக்கும் வேலை செய்யவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. வேறொரு மெக்கானிக்கிடம் போய் ‘அண்ணே, கேமரா, புளூடூத் எல்லாம் யூஎஸ்பியில் வருது, இடது போர்ட் வருது, வலது பக்கம் மட்டும் கரண்டே இல்ல, ஜாக்கும் இல்ல, ரிப்பனைப் பாருங்க’ என்று சொன்னதும் அவர் ஒன்றும் கேட்காமல் பின்மூடியைக் கழற்றினார். ரிப்பன் ஒரு முனையில் சாய்ந்து பாதி வெளியே வந்திருந்தது. பூட்டைத் தூக்கி, ரிப்பனை நேராகச் செருகி, பூட்டை அழுத்தினார், அவ்வளவுதான் வேலை. சில நூறு ரூபாயோடு முடிந்தது. நாம் போய் ‘யூஎஸ்பி வேலை செய்யல’ என்று மட்டும் சொல்வதற்கும், இப்படிக் குறிப்பாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பில்லில் தெரிகிறது.

இன்னொரு இடத்திலும் இந்த மென்பொருள் கைகொடுத்தது. நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் ஒன்று ட்ரீ வியூவில் இரண்டு போர்ட்டாகத் தெரியும், பழைய 2.0 சாதனத்துக்கு ஒன்று, 3.0 சாதனத்துக்கு ஒன்று. ஏனென்றால் அந்த ஒரே ஓட்டைக்குள் பழைய நான்கு தொடர்புகளோடு புதிதாக ஐந்தும் சேர்ந்து ஒன்பது இருக்கின்றன. அதனால் பாதிப் போர்ட்டுகள் எப்போதும் காலியாகத் தெரிவதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ‘கம்பேனியன் போர்ட்’ என்ற வரியைப் பார்த்தால் எது எதற்கு ஜோடி என்று புரியும். 3.0 பென் டிரைவ் 2.0 வரிசையில் போய் உட்கார்ந்திருந்தால், அது வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்துக்குப் பதில் 480 மெகாபிட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். மிக மெதுவாகச் செருகினாலே சில நேரம் இப்படி ஆகும், பழைய தொடர்புகள் முதலில் தொட்டுவிடுகின்றன. கழற்றி ஒரே மூச்சில் அழுத்திச் செருகிப் பாருங்கள், அப்படியும் 2.0-வில்தான் வருகிறது என்றால் அந்தப் புதிய ஐந்தில் ஏதோ தொடவில்லை.

கைரேகைக் கருவி வேறு மாதிரித் தொல்லை கொடுத்தது. காலையில் நன்றாக இருக்கும், கொஞ்ச நேரம் யாரும் வராமல் சும்மா இருந்தால் காணாமல் போய்விடும், கழற்றி மாட்டினால் திரும்ப வரும். இது கருவியின் தவறும் இல்லை, போர்ட்டின் தவறும் இல்லை, விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று போர்ட்டைத் தூங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட், அங்கே மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் டிஸேபிள் செய்யுங்கள். பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும், கடையில் சார்ஜர் எப்போதும் மாட்டித்தானே இருக்கிறது. கூடவே இன்னொன்று, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்து திறப்பது முழுமையான புதுத் தொடக்கம் இல்லை, பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுக்கும். யூஎஸ்பி குழம்பினால் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

குறை சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது. பெரிய குறை, மின்சாரத்தைப் பற்றி இது சொல்வதைப் பலர் தவறாகப் படித்துவிடுவார்கள். ‘மேக்ஸ் பவர் 500 மில்லி ஆம்பியர்’ என்று ஒரு வரி வரும், அது சாதனம் ‘எனக்கு இவ்வளவு வரை வேண்டும்’ என்று தானே எழுதிக்கொடுத்த எண், போர்ட்டில் இப்போது ஓடும் மின்சாரத்தின் அளவு கிடையாது. போர்ட் பலவீனமாக இருந்தாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. உள்ளே சுழலும் தட்டு வைத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதிகம் கேட்கும், கிடைக்காவிட்டால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு மறைந்துவிடும். அதை உறுதிப்படுத்த நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வேண்டும், தீர்வு என்று பார்த்தால் சொந்த அடாப்டர் உள்ள பவர்டு ஹப். சாதாரண ஹப்பில் பிரிண்டர், ஹார்ட் டிஸ்க், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் தொங்கவிட்டால் லேப்டாப்பின் ஒரே போர்ட்தான் அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும், எப்படித் தாங்கும்?

இரண்டாவது குறை, இது எதையும் விளக்காது. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் பொறியாளர் மொழி. உதவிப் பக்கம் இருக்கிறது என்றாலும் அது விஷயம் தெரிந்தவர்களுக்கானது. மூன்றாவது, போர்ட்டை ரீஸ்டார்ட் செய்யும் வசதி ரைட் கிளிக்கில் இருக்கிறது, மிக நல்ல வசதி, பிரிண்டரைக் கழற்றி மாட்டிய அதே பலன் கிடைக்கும், ஆனால் அட்மினாகத் திறக்க வேண்டும். பென் டிரைவில் ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்திவிடாதீர்கள்.

இதே வேலைக்கு நிர்சாஃப்ட்டின் யூஎஸ்பி டீவியூ என்ற இலவச மென்பொருளையும் பலர் சொல்வார்கள். அதுவும் நல்லது, வேலை வேறு. இதுவரை அந்த லேப்டாப்பில் செருகிய சாதனங்களைப் பட்டியலாகக் காட்டும், இப்போது இணைந்திருப்பது பச்சையில், பழையது சாம்பலில். கடை லேப்டாப்பில் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்தால் மலைத்துப்போவீர்கள், ஊரில் உள்ள பென் டிரைவ் அத்தனையும் அதில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட பிரிண்டர் மட்டும் தகராறு செய்தால் அதன் பழைய பதிவுகளை அங்கே அழித்துவிட்டுப் புதிதாகச் செருகுவது பலன் தருகிறது. போர்ட்டே செத்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ட்ரீ வியூதான். எதையும் இறக்க மனமில்லாதவர்கள் டிவைஸ் மேனேஜரிலேயே வியூ மெனுவில் ‘டிவைசஸ் பை கனெக்‌ஷன்’ என்று மாற்றிப் பார்க்கலாம், அரைகுறையாக இதே படம் கிடைக்கும், காலிப் போர்ட்டுகள் தெரியாது.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்று போர்ட்டைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரீ வியூவில் ரிசீவர் ஒழுங்காகத் தெரிந்தும் மவுஸ் திக்கினால், பக்கத்து நீல போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-லேயே இதை விளக்கி ஆவணம் வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை அடுத்த பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

போனைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஆகிறது, ட்ரீ வியூவில் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். டேட்டா கம்பியே இல்லாத சார்ஜிங் கேபிள்கள் சந்தையில் நிறைய.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையைப் பிடித்தது விளக்கம் இல்லாததற்காக. இறக்குவதாக இருந்தால் ஊவே சீபரின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள், இலவச மென்பொருள்களை மறுவிநியோகம் செய்யும் தளங்கள் கூடவே வேறு எதையாவது ஒட்டி அனுப்பும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால் 64 பிட் ஃபைலையே எடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது ஓடாது, அவர்கள் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை -t சேர்த்துப் போட்டு (lsusb -t) இதே வரிசையைப் பார்க்கலாம், டிஎம்இஎஸ்ஜி (dmesg) போட்டால் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71’ என்று வருகிறதா என்று பாருங்கள், வந்தால் நான் இடது போர்ட்டுக்குச் சொன்னதுதான், கேபிளையும் போர்ட்டின் உள்பக்கத்தையும் முதலில் கவனியுங்கள்.